‘சுயேச்சைக் குழு’ எவ்வளவு சுயேச்சை? விண்வெளி ஆய்வறிக்கைகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு

ராக்கெட் வெடித்தாலும் சரி, பட்ஜெட் வெடித்தாலும் சரி, அரசாங்கம் முதலில் செய்வது ஒரு குழு போடுவதுதான். பெயருக்கு முன்னால் ‘சுயேச்சையான’ என்ற சொல் தவறாமல் ஒட்டியிருக்கும். சில மாதம் கழித்துத் தடிமனாக ஓர் அறிக்கை வரும். திட்டத்தைப் பிடித்தவர்கள் “சுயேச்சைக் குழுவே சொல்லிவிட்டது” என்பார்கள். பிடிக்காதவர்கள் “எல்லாம் செட்டப்” என்பார்கள். பெரும்பாலும் இரண்டு தரப்புமே அறிக்கையைத் திறந்திருக்காது.

நான் பொறியாளன் இல்லை. மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பும் அரசுத் திட்டங்களைப் பற்றிய அறிக்கைகளைப் பல வருடமாக ஒரு பொழுதுபோக்காகப் படித்துவருகிறேன். ஆரம்பத்தில் எனக்கு ஒரு சுலபமான அளவுகோல் இருந்தது: நாசாவில் வேலை பார்த்தவர் என்றால் சார்புள்ளவர், பல்கலைக்கழகப் பேராசிரியர் என்றால் நடுநிலையாளர். சேலஞ்சர் விபத்து விசாரணையின் முழுக் கதையைப் படித்தபோது அந்த அளவுகோல் கையோடு முறிந்தது. அது எப்படி என்பதை நான்காவது படியில் சொல்கிறேன். இப்போது நான் முதலில் பார்ப்பது, குழுவிடம் என்ன கேட்கப்பட்டது, கேட்கப்படாததையும் தேடிப் போக அவர்களுக்கு வழி இருந்ததா என்பதை. ஆட்களின் ஜாதகம் அதற்கப்புறம்தான்.

முதல் படி: செய்திக் குறிப்பை மூடிவையுங்கள்

அறிக்கை வெளியாகும் நாளில் கூடவே ஒரு செய்திக் குறிப்பும் வரும். அதை எழுதுவது குழு அல்ல, குழுவால் ஆராயப்பட்ட அமைப்பின் மக்கள் தொடர்புப் பிரிவாகவும் இருக்கலாம். சுருக்கவுரையும் முழு அறிக்கையும் வெவ்வேறு நாளில் வருவதும் உண்டு. 2009இல் நார்மன் அகஸ்டின் தலைமையில் அமெரிக்க மனித விண்வெளிப் பயணத் திட்டங்களை ஆராய்ந்த குழு, செப்டம்பர் 8 அன்று சுருக்கத்தை வெளியிட்டது. முழு அறிக்கை அக்டோபர் 22 அன்றுதான் வந்தது. இடைப்பட்ட ஆறு வாரம் எல்லோரும் சுருக்கத்தை வைத்தே சண்டை போட்டார்கள்.

அதனால் முழு அறிக்கையை, பின்னிணைப்புகளோடு இறக்கிக்கொள்ளுங்கள். எல்லாம் இலவசம்தான். படிப்பதை முதல் அத்தியாயத்தில் தொடங்க வேண்டாம். குழுவை அமைத்த ஆணை எங்கேயாவது பின்னால் ஒளிந்திருக்கும், அங்கே போங்கள்.

இரண்டாம் படி: குழு போட்டது யார், அறிக்கை யார் மேஜைக்குப் போகிறது?

1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ 1 கலத்தில் தரைச் சோதனையின்போது தீப்பிடித்து மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தார்கள். விசாரித்த குழுவின் தலைவர் ஃபிளாய்ட் தாம்சன். அவர் யார்? நாசாவின் லாங்லி ஆய்வு மையத்து இயக்குநர். நாசா தன்னையே விசாரித்துக்கொண்டது. வேலிக்கு ஓணான் சாட்சி என்று அப்போதே அமெரிக்க நாடாளுமன்றத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் தாம்சன் குழு வேலையை ஒழுங்காகவே செய்தது என்பது என் கருத்து. கலத்துக்குள் எளிதில் தீப்பற்றும் பொருட்கள், தூய ஆக்சிஜன், சட்டென்று திறக்க முடியாத கதவு என எல்லாவற்றையும் பதிவுசெய்தது. ஆனால் மேலாண்மை எப்படி இந்த நிலைக்கு விட்டது என்ற கேள்விக்கு வெளியிலிருந்துதான் குரல் வர வேண்டியிருந்தது. ஒப்பந்த நிறுவனத்தின் வேலை சரியில்லை என்று நாசாவின் சாமுவேல் ஃபிலிப்ஸ் 1965இலேயே எழுதிவைத்திருந்த குறிப்புகள் இருந்தன. அவற்றைப் பற்றி செனட்டர் வால்டர் மாண்டேல் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

1986இல் சேலஞ்சர் என்ற ஷட்டில், அதாவது திரும்பத் திரும்பப் பறக்கும் விண்வெளி ஓடம், வெடித்தபோது அதிபர் ரீகன் தானே ஓர் ஆணைக்குழுவை அமைத்தார். அறிக்கை அதிபருக்குப் போனது.

2003 பிப்ரவரி 1 அன்று இன்னொரு ஷட்டிலான கொலம்பியா சிதறியபோது நடந்தது இன்னும் சுவாரசியமானது. நாசா ஏற்கெனவே எழுதிவைத்திருந்த அவசரத் திட்டத்தின்படி, அதே நாளில் ஒரு விசாரணைக் குழுவை எழுப்பியது. கடற்படையின் ஓய்வுபெற்ற அட்மிரல் ஹரால்ட் கெமன் தலைவர். மற்றவர்களில் பெரும்பாலோர் ராணுவம் உள்ளிட்ட அரசுப் பதவிகளில் இருந்தவர்கள். அறிக்கை நாசா தலைவருக்கு என்று முதல் ஆணை சொன்னது. குழுவுக்கு உதவி செய்வதும் நாசா ஆட்களே. நாடாளுமன்றத்தில் கூச்சல் எழ, ஆணை ஒருமுறைக்கு மேல் திருத்தப்பட்டது. வெளியாட்கள் சேர்க்கப்பட்டு உறுப்பினர் எண்ணிக்கை 13 ஆனது. அதற்கிடையில் இன்னொரு கூத்து: அந்தப் பயணத்தின்போது முடிவெடுத்த அதிகாரிகள் சிலரே, விசாரணைக்கு உதவும் அணிகளிலும் இருந்தார்கள். அவர்களை மாற்றுங்கள் என்று கெமன் நாசா தலைவருக்குக் கடிதம் எழுதினார். முதலில் தயங்கினார்கள், அப்புறம் மாற்றினார்கள்.

ஆகவே, ஆணை திருத்தப்பட்டிருந்தால் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வரியை அடித்தார்கள் என்பதில்தான் சண்டை எதைப் பற்றி என்பது தெரியும்.

மூன்றாம் படி: விசாரணை வரம்பு

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். வரம்பை எழுதுகிறவர் கையில்தான் பாதி முடிவு இருக்கிறது.

அகஸ்டின் குழுவையே எடுத்துக்கொள்வோம். அதிபராக ஒபாமா பொறுப்பேற்ற சில மாதங்களில், 2009 மே 7 அன்று, வெள்ளை மாளிகையின் அறிவியல் அலுவலகம் அறிவித்த குழு இது. அப்போது நாசா கையில் இருந்தது கான்ஸ்டலேஷன் என்ற திட்டம்: ஏரஸ் ராக்கெட்டுகள், ஒரியன் கலம், மீண்டும் நிலா. எவ்வளவு பணம் கிடைக்கும் என்பது ஏற்கெனவே பட்ஜெட்டில் எழுதியாகிவிட்டது. அந்தப் பணத்துக்குள் என்ன செய்யலாம் என்று சொல்வதுதான் குழுவிடம் எதிர்பார்க்கப்பட்டது. குழு கணக்குப் போட்டுப் பார்த்தது. பட்ஜெட்டுக்குள் அடங்கும் இரண்டு வழிகளை எழுதியது. இரண்டாலும் பூமிக்கு அருகிலுள்ள சுற்றுப்பாதையைத் தாண்டி உருப்படியாக எதுவும் செய்ய முடியாது என்றும் எழுதியது. அத்தோடு நிறுத்தாமல், ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர் கூடுதலாகக் கொடுத்தால் என்னென்ன சாத்தியம் என்று வேறு மூன்று வகை வழிகளையும் வைத்தது.

வரம்புக்குள் நின்று, அந்த வரம்பே சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஓர் அறிக்கையில் இப்படி ஓர் இடத்தைக் கண்டால் நான் பக்கத்தை மடித்துவைத்துக்கொள்வேன்.

அந்த அறிக்கையில் எனக்கு மறக்காத கணக்கு ஒன்று உண்டு. ஏரஸ் 1 ராக்கெட்டுக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டுபோவது. அப்போதைய திட்டப்படி நிலையத்தை 2016 தொடக்கத்தில் கடலில் இறக்கிவிட வேண்டும். ராக்கெட் எப்போது தயாராகும்? 2017க்கு முன்னால் ஆகாது என்றது குழு. ஊரே காலியான பிறகு அந்த ஊருக்கு பஸ் விடுவது மாதிரி. இரண்டு தேதிகளும் வெவ்வேறு கோப்புகளில் இருந்தன. வெளியிலிருந்து வந்தவர்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

சரி, இதே குழு எதைக் கேட்கவில்லை? மனிதர்களை அனுப்பத்தான் வேண்டுமா, ரோபோக்கள் போதாதா என்பதை. முன்வைத்த வழிகள் எதிலும் ‘நிறுத்திவிடலாம்’ என்பது கிடையாது. அதைக் கேட்க அவர்களைக் கூப்பிடவும் இல்லை. ‘ஒரு மாபெரும் தேசத்துக்குத் தகுதியான மனித விண்வெளித் திட்டத்தைத் தேடி’ என்ற பொருளில் தலைப்பு வைத்த அறிக்கையிடம் அந்தக் கேள்விக்குப் பதிலை எதிர்பார்ப்பது நம் தப்பு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. விண்வெளி வீரர், விண்வெளி நிறுவனத் தலைவர், விண்வெளிப் பொறியியல் பேராசிரியர் என்று கூட்டினால் எல்லோரும் காக்கைதான். காசு வாங்கிக்கொண்டு எழுதுவதைவிட இந்தப் பாசம்தான் எனக்கு அதிகம் தட்டுப்பட்டிருக்கிறது. அதை ஒளிக்கவும் மாட்டார்கள், ஏனென்றால் அது சார்பு என்றே அவர்களுக்குத் தோன்றாது.

படிக்கும்போது ஒரு சின்னப் பயிற்சி செய்யுங்கள். விசாரணை வரம்பை உங்கள் சொந்த வாக்கியத்தில் ஒரே கேள்வியாக எழுதுங்கள். பிறகு, குழுவுக்குக் கொடுக்கப்படாத மூன்று கேள்விகளை எழுதுங்கள். அறிக்கை முழுக்க அந்த மூன்றும் எங்கேயாவது தலைகாட்டுகின்றனவா என்று பாருங்கள்.

நான்காம் படி: பெயர்ப்பட்டியல்

இப்போது ஆட்களுக்கு வரலாம். எல்லோரும் இங்கேதான் தொடங்குவார்கள், இங்கேயே நின்றும்விடுவார்கள்.

சேலஞ்சர் ஆணைக்குழுவில் 13 பேர். தலைவர் வில்லியம் ராஜர்ஸ், முன்னாள் வெளியுறவு அமைச்சர். துணைத் தலைவர் நீல் ஆம்ஸ்ட்ராங். முதல் பொது விசாரணை 1986 பிப்ரவரி 6 அன்று நடந்தது. நாசா அருமையாக வேலை செய்திருக்கிறது என்று நினைக்கிறோம், அதை நியாயமில்லாமல் குறைசொல்லும் விதத்தில் இந்த விசாரணையை நடத்தப் போவதில்லை என்று ராஜர்ஸ் அன்றைக்கே சொல்லிவிட்டார். தீர்ப்பை முன்னாலேயே எழுதிவைத்துக்கொண்டு வந்த மாதிரிதான் தெரியும்.

நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 10 அன்று, மூடிய கதவுக்குள் ஓர் அமர்வு. பூஸ்டர் ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர் ஆலன் மெக்டொனால்ட் பின்வரிசையிலிருந்து எழுந்தார். ஏவுதலுக்கு முந்தைய இரவு, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஏவ வேண்டாம் என்று நிறுவனத்துப் பொறியாளர்கள் முதலில் பரிந்துரைத்த விஷயத்தைச் சொன்னார். நாசா தரப்பு அதுவரை அதைத் தானாக எடுத்து வைத்திருக்கவில்லை. அந்த நாளிலிருந்து ராஜர்ஸின் தொனியே மாறியது. அதே மாதத்துக்குள், முடிவெடுத்த முறையிலேயே கோளாறு இருந்திருக்கலாம் என்று அவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டிவந்தது. மெக்டொனால்டுக்குக் கிடைத்த பரிசு? நிறுவனம் அவரைப் பொறுப்பிலிருந்து இறக்கியது. நாடாளுமன்றம் தலையிட்ட பிறகு, பூஸ்டரின் பழுதான இணைப்பை மறுவடிவமைக்கும் வேலையே அவரிடம் வந்தது.

இப்போது என் அளவுகோல் முறிந்த இடம். குழுவில் சாலி ரைட் இருந்தார். விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண். அப்போது அவர் நாசாவின் சம்பளத்தில் இருந்த வீரர். காகிதத்தில் பார்த்தால், பட்டியலிலிருந்து முதலில் அடிக்க வேண்டிய பெயர். ஒருநாள் குழுவின் இன்னொரு உறுப்பினரான விமானப்படை ஜெனரல் டொனால்ட் குட்டினாவோடு நடந்துபோகும்போது, ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு காகிதத்தை அவரிடம் கொடுத்தார். அதில் இரண்டு நெடுவரிசைகள். ஒன்றில் வெப்பநிலை. மற்றதில், அந்த வெப்பநிலையில், பூஸ்டரின் இணைப்பை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் எவ்வளவு நெகிழ்கிறது என்பது. குளிரக் குளிர வளையம் விறைக்கிறது. நாசாவின் சொந்த ஆவணம் அது.

குட்டினாவுக்கு ஒரு தர்மசங்கடம். தகவல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் ரைட்டின் வேலைக்கு ஆபத்து. ஆகவே இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். கார் கொட்டகைக்கு அழைத்துப்போய், பிரித்துப்போட்டிருந்த கார்புரேட்டரைக் காட்டி, குளிரில் இந்த ரப்பர் வளையங்கள் கசிகின்றன என்று பேச்சுவாக்கில் சொன்னார். ஃபைன்மன் கப்பென்று பிடித்துக்கொண்டார். பிப்ரவரி 11 அன்று, தொலைக்காட்சிக் கேமராக்கள் முன்னால், ஒரு சின்ன இடுக்கியில் ரப்பர் துண்டை நெருக்கி, மேஜையிலிருந்த ஐஸ் தண்ணீரில் போட்டார். சிறிது நேரம் கழித்து எடுத்து இடுக்கியைத் தளர்த்தினார். ரப்பர் பழைய வடிவத்துக்கு உடனே திரும்பவில்லை. காகிதம் யாரிடமிருந்து வந்தது என்பது, 2012இல் ரைட் இறந்த பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

யோசித்துப் பாருங்கள். எந்தப் பக்கமும் சேராத ஃபைன்மனுக்கு உள்விவரம் தெரியாது. உள்ளிருந்த ரைட்டுக்கு வாய் திறக்க முடியாது. நடுவில் நின்ற ஜெனரலுக்கு இருவரையும் தெரியும். மூன்று பேரும் ஒரே குழுவில் இருந்ததால் உண்மை மேஜைக்கு வந்தது. எல்லா உள்ளாட்களையும் ‘சார்பு’ என்று விலக்கி, சுத்தமான வெளியாட்களை மட்டும் வைத்துக் குழு போட்டிருந்தால் எங்கே தேடுவது என்றே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

எனவே பட்டியலைப் படிக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அவர் நலன் எந்தத் திசையில் இழுக்கிறது என்று ஓர் அம்புக்குறி போடுங்கள். அகஸ்டின் குழுவுக்குப் போட்டால் இப்படி வரும். அகஸ்டின், 1990களில் லாக்ஹீட் மார்ட்டின் தலைவராக இருந்தவர். ஒரியன் கலத்தின் ஒப்பந்தம் 2006இல் அந்த நிறுவனத்துக்குத்தான் போனது. போடான் பெஜ்முக், போயிங்கின் முன்னாள் மேலாளர். கான்ஸ்டலேஷன் திட்டத்தைப் பரிசீலிக்கும் நிலையான குழுவுக்கும் அவர்தான் தலைவர். ஜெஃப் கிரீசன், எக்ஸ்கோர் என்ற தனியார் விண்வெளி நிறுவனத்தின் தலைவர். சாலி ரைட் இங்கேயும் உண்டு. அம்புகள் ஒரே திசையில் போகவில்லை. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் ஆலோசனைக் குழுச் சட்டம் கேட்பதும் இதைத்தான்: கருத்துகள் நியாயமான சமநிலையில் இருக்க வேண்டும், கூட்டங்கள் பொதுவில் நடக்க வேண்டும். அம்புகளெல்லாம் ஒரே பக்கம் பாயும் பட்டியலைப் பார்த்தால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

பொதுவில் நடப்பதிலும் ஒரு வேடிக்கை. அகஸ்டின் குழு கூட்டம் போட்ட ஊர்களில் ஹூஸ்டன் வட்டாரம், ஹன்ட்ஸ்வில், கொக்கோ பீச் எல்லாம் உண்டு. மூன்றுமே நாசா மையங்களை நம்பிப் பிழைக்கும் பகுதிகள். பொதுமக்கள் கருத்து என்று அங்கே கேட்டால் என்ன வரும் என்பதை ஊகிக்கலாம்.

ஐந்தாம் படி: கணக்குப் போட்டது யார், பரிசோதனை செய்தது யார்?

உறுப்பினர்கள் பெரிய மனிதர்கள். கால்குலேட்டரைத் தட்டுவது வேறு யாரோ. அது யார் என்று தேடுங்கள். ஆராயப்படும் அமைப்பே கொடுத்த எண்களை அப்படியே எடுத்திருந்தால், குழுவில் எத்தனை நோபல் பரிசாளர்கள் இருந்தும் பிரயோசனமில்லை. அகஸ்டின் குழு ஏரோஸ்பேஸ் கார்ப்பரேஷன் என்ற லாப நோக்கற்ற நிறுவனத்தை வைத்துச் செலவுக் கணக்கைத் தனியாகப் போட்டது. நல்ல விஷயம். அதே நிறுவனத்தின் தலைவர் வாண்டா ஆஸ்டின் குழுவின் உறுப்பினராகவும் இருந்தார். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். தவறு நடந்தது என்று நான் சொல்லவில்லை, குறிப்பேட்டில் இருக்கட்டும்.

கொலம்பியா குழுவிடம் எனக்குப் பிடித்தது அவர்கள் செய்யவைத்த பரிசோதனை. ஏவிய ஒன்றரை நிமிடத்துக்குள், எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு கிலோகூட எடையில்லாத நுரைத் துண்டு பிய்ந்து இறக்கையில் மோதியது. இது விபத்துக்குக் காரணமாக இருக்காது என்பதே முதல் நாட்களில் ஷட்டில் திட்ட மேலாண்மை சொன்னது. நுரைதானே, தெர்மாகோல் மாதிரி லேசானதுதானே. குழு வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. 2003 ஜூலை 7 அன்று, டெக்சாஸின் சான் அன்டோனியோவிலுள்ள ஓர் ஆய்வகத்தில், அதே அளவு நுரைத் துண்டை வாயுத் துப்பாக்கியால் இறக்கையின் முன்விளிம்புப் பலகையை நோக்கிச் சுட்டார்கள். சுமார் 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. பேச்சு முடிந்தது.

இந்தக் குழுவின் செலவை ஏற்றது நாசாதான். சேர்க்கப்பட்ட வெளியாட்களையும் நாசா சம்பளப் பட்டியலிலேயே வைத்தார்கள். அப்படி வைத்ததால், கூட்டங்களைப் பொதுவில் நடத்தச் சொல்லும் அந்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாட்டாமல் மூடிய கதவுக்குள் பேச முடிந்தது. இது அப்போது விமர்சனத்துக்குள்ளானது, நியாயமான விமர்சனம்தான். ஆனாலும் அந்தக் குழுதான், நுரைக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு நாசாவின் அமைப்புக் கலாசாரத்துக்கும் உண்டு என்று எழுதியது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்காத குழு.

ஆறாம் படி: எண்களின் பக்கத்தில் நின்று பாருங்கள்

ஷட்டில் அழியும் வாய்ப்பு எவ்வளவு என்று ஃபைன்மன் கேட்டுப் பார்த்தார். வேலை செய்யும் பொறியாளர்கள் சொன்னது சுமார் 100இல் 1. மேலாண்மை சொன்னது 1,00,000இல் 1. பின்னதை அவர் இப்படி விளக்கினார்: தினமும் ஒரு ஷட்டிலை ஏவினாலும் 300 வருடத்துக்கு ஒன்றைத்தான் இழப்போம் என்று அர்த்தம். சின்ன எண்ணை நாள்கணக்காக மாற்றியதுமே பொய் தெரிந்துவிட்டது. நீங்களும் இதைப் பழகலாம். ‘ஆபத்து ஏற்கத்தக்க அளவில் உள்ளது’ என்ற வாக்கியத்தைக் கண்டால், யாருக்கு ஏற்கத்தக்கது, எந்த எண், அந்த எண்ணைச் சொன்னவர் மேஜையில் உட்கார்ந்தவரா, பட்டறையில் நின்றவரா என்று கேளுங்கள்.

பணத்துக்கும் இதுவே. மனிதர்களை மீண்டும் நிலாவுக்கு அனுப்பும் நாசாவின் ஆர்ட்டெமிஸ் திட்டத்தின் முதல் நான்கு பயணங்களில் ஒவ்வோர் ஏவுதலுக்கும் 410 கோடி டாலர் ஆகும், இது தாங்காது என்று 2022 மார்ச்சில் நாடாளுமன்றத் துணைக்குழு முன்னால் சொன்னவர் வெளியாள் அல்ல, நாசாவுக்குள்ளேயே இருந்து அதைத் தணிக்கை செய்யும் இன்ஸ்பெக்டர் ஜெனரலாக அப்போது இருந்த பால் மார்ட்டின். அந்தத் தொகையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, எதை விட்டிருக்கிறார்கள் என்று அடிக்குறிப்பில் பாருங்கள். உருவாக்கச் செலவைச் சேர்த்தால் ஒரு தொகை, விட்டால் வேறு தொகை. இரு தரப்பும் தங்களுக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளும்.

ஏழாம் படி: ஓரங்கள், பின்னிணைப்புகள், கறுப்பு மை

ராஜர்ஸ் அறிக்கையின் கடைசிப் பரிந்துரைக்கு அப்புறம், ‘முடிவுரை எண்ணம்’ என்று ஒரு சிறு பகுதி வரும். நாசாவுக்கு அரசும் நாடும் தொடர்ந்து ஆதரவு தர வேண்டும் என்கிறது. இதை ஒரு பரிந்துரையாகவே சேர்க்கப் பார்த்தார்கள். நாம் ஆராயாத விஷயத்தைப் பற்றி நாம் ஏன் பரிந்துரைக்க வேண்டும் என்று ஃபைன்மன் மறுத்தார். இழுபறியில் அது பரிந்துரையிலிருந்து ‘எண்ணமாக’ இறங்கியது. ஃபைன்மனின் சொந்தக் கருத்துகளோ பின்னிணைப்பு எஃப் ஆகப் போயின. அதைச் சேர்க்காவிட்டால் என் பெயரையே எடுத்துவிடுங்கள் என்று அவர் மிரட்ட வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்த அறிக்கையில் ஜனங்கள் தேடிப் படிப்பது அந்தப் பின்னிணைப்பைத்தான்.

மாற்றுக் கருத்து எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். அப்படி ஒன்றுமே இல்லாமல் பத்துப் பதினைந்து நிபுணர்கள் எல்லாப் பக்கத்திலும் ஒரே குரலில் பேசினால் எனக்குச் சந்தேகம் வரும். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு மெனு போடக்கூட அத்தனை பேர் ஒத்துப்போக மாட்டார்கள்.

வெளியிடாமல் விட்டதும் தகவல்தான். 2022 நவம்பரில் ஆளில்லாமல் பறந்து, டிசம்பரில் திரும்பிய ஒரியன் கலத்தின் வெப்பக் கவசத்தில், 100க்கும் மேற்பட்ட இடங்களில் பொருள் பெயர்ந்திருந்தது. அதன் படங்களைப் பொதுமக்கள் தெளிவாகப் பார்த்தது 2024 மே மாதம் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலக அறிக்கையில். அந்த ஆண்டு நாசா ஒரு சுயேச்சை ஆய்வுக் குழுவை அமைத்தது. தலைவர் பால் ஹில், நாசாவில் விண்பயணங்களைத் தரையிலிருந்து வழிநடத்திய முன்னாள் ஃபிளைட் டைரக்டர். டிசம்பர் 5 அன்று முடிவை அறிவித்தபோது குழுவின் முழு அறிக்கையைக் கூடவே வெளியிடவில்லை. முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் படிக்கத் தராத அறிக்கையின் சுயேச்சையைப் பற்றி நாம் எதுவும் சொல்ல முடியாது, பாராட்டவும் முடியாது.

எட்டாம் படி: இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வாருங்கள்

கொலம்பியா குழு, ஷட்டில் மீண்டும் பறப்பதற்கு முன்னால் முடிக்க வேண்டியவை என்று 15 பரிந்துரைகளைக் குறித்தது. அவை நிறைவேறினவா என்று பார்க்க நாசா ஒரு தனிக் குழு வைத்தது. 2005 ஜூனில் அந்தக் குழு, 12 நிறைவேறின, 3 முழுமையாக நிறைவேறவில்லை என்றது. அந்த மூன்றில் ஒன்று, தொட்டியிலிருந்து துண்டுகள் பிய்வதைத் தடுப்பது. நாசா ஜூலை 26 அன்று டிஸ்கவரியை ஏவியது. தொட்டியிலிருந்து பெரிய நுரைத் துண்டு பிய்ந்து விழுந்தது. நல்ல வேளை, கலத்தில் படவில்லை. ஆகஸ்டில் வந்த இறுதி அறிக்கையில் ஏழு உறுப்பினர்கள் தனியாக, காட்டமாக எழுதினார்கள். அந்தப் பக்கங்களைத் தவறவிடாதீர்கள்.

நிரந்தரக் குழுக்களின் கதை வேறு மாதிரி. அப்பல்லோ 1 தீக்குப் பிறகு 1968இல் நாடாளுமன்றம் ஒரு பாதுகாப்பு ஆலோசனைக் குழுவை உருவாக்கியது. வருடாவருடம் எச்சரிப்பது அதன் வேலை. பல்லில்லாத குழு என்று விமர்சனம் எழ, 2003 செப்டம்பரில் உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஒன்றாக விலகினார்கள். பிறகு புது ஆட்களோடு தொடர்ந்தது. சுயேச்சை இருந்தும் யாரும் காது கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 35 வருட அறிக்கைகள் சாட்சி.

நம் பக்கம் வந்தால்

ககன்யான் பற்றி இதே படிகளோடு படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு முன்னறிவிப்பு: கையில் கிடைக்கும் காகிதம் குறைவு. இஸ்ரோவின் தலைவரே விண்வெளித் துறையின் செயலாளர். அவரே விண்வெளி ஆணையத்தின் தலைவர். திட்டத்தை நடத்துவது, அமைச்சகமாக மேற்பார்ப்பது, கொள்கை வகுப்பது என்று மூன்று நாற்காலிகளில் ஒரே ஆள் உட்கார்ந்திருக்கும்போது, இரண்டாம் படிக் கேள்விக்கான பதில் வட்டமாகச் சுற்றிவரும். இது யாருடைய நேர்மையைப் பற்றிய பேச்சும் இல்லை, நாற்காலிகளின் அமைப்பு அப்படி. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் மனிதர் பயணத்துக்காக கிரையோஜெனிக் எஞ்சினைச் சோதித்து முடித்ததை 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். பெருமையான வேலைதான். நமக்குக் கிடைத்தது அறிவிப்பு.

அதனால் நாடாளுமன்ற நிலைக்குழுவின் மானியக் கோரிக்கை அறிக்கைகள், அவைகளில் தரப்படும் எழுத்துபூர்வ பதில்கள், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கைகள் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். எண்களில் கவனம். ககன்யானுக்கு 2018இல் 9,023 கோடி ரூபாய் ஒதுக்கி, 2024 செப்டம்பரில் 20,193 கோடி ஆக்கினார்கள். செலவு இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்று தலைப்புப் போடுவதற்கு முன்னால் ஆறாம் படிக்குப் போங்கள்: திருத்திய தொகையில் இந்திய விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியும் கூடுதல் ஏவுதல்களும் சேர்ந்திருக்கின்றன.

ஒரு பக்கக் குறிப்பு

ஒவ்வோர் அறிக்கைக்கும் நான் நோட்டில் ஒரே ஒரு பக்கம் ஒதுக்குவேன். கொலம்பியாவுக்கு எழுதியது இது:

‘போட்டது நாசா. ஆணை திருத்தம், காரணம் நாடாளுமன்றம். சம்பளமும் நாசா. உறுப்பினர் 13, அம்புகள் கலவை. முடிவெடுத்த அதிகாரிகளை நீக்கக் கடிதம், நடந்தது. சொந்தப் பரிசோதனை: உண்டு, ஓட்டை. கேட்காத கேள்வியைத் தேடினார்களா: ஆம், அலுவலகத்தில் ஸ்கிரீன்சேவராக ஓடிய கவுண்ட்டவுனைக்கூடப் பார்த்திருக்கிறார்கள், விண்வெளி நிலையத்தின் அடுத்த பகுதியை ஏவக் குறித்திருந்த 2004 பிப்ரவரி 19க்கு எத்தனை நாள் பாக்கி என்று. நாட்காட்டியின் அழுத்தத்துக்கு அதுவே ஆதாரம். பிறகு: 15இல் 12.’

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்த வாரம் இரண்டே வேலை. ராஜர்ஸ் அறிக்கையின் பின்னிணைப்பு எஃப், சில பக்கங்கள்தான். அது முடிந்ததும் முதல் தொகுதியின் பரிந்துரைகளும் அந்த ‘முடிவுரை எண்ணமும்’. ஒரு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள்.